மாதிரிக் கோப்பைப் பூட்டி வைக்காதீர்கள்

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று பத்து நாள் தள்ளிப் போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. எழுபத்தைந்து வயதில், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இப்படிக் கோபப்படலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமெண்டேஷன் படிக்கிறாள். அவள் செய்த ஒரு சின்ன பிராஜெக்டுக்கு 20க்கு 4 மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'காப்பி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் அவளுடைய ஆசிரியர். எங்கிருந்து காப்பியடித்தாள்? பக்கத்துப் பெண்ணிடமிருந்தா? இல்லை. சீனியர்களின் பென்டிரைவிலிருந்தா? அதுவும் இல்லை. அந்த மென்பொருளைச் செய்தவர்களே, திற, பார், மாற்றிப் பார், பழகு என்று கூடவே வைத்துக் கொடுத்த மாதிரிக் கோப்பிலிருந்து. இதற்குப் பெயர் காப்பி என்றால், நான் 38 வருஷம் அரசாங்கத்தில் வாங்கிய சம்பளம் முழுவதும் காப்பியடித்து வாங்கியதுதான். திருப்பிக் கேட்டால் கொடுக்க என்னிடம் பணமில்லை.

விஷயம் தெரியாத நண்பர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கே 2024 டிசம்பர் வரை தெரியாது. லேப்வியூ என்று ஒரு மென்பொருள். 1986இல் மேக்கின்டாஷ் கணினிக்காக முதலில் வந்ததாம். அதில் புரோகிராமை எழுதுவதில்லை, வரைகிறார்கள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து ஒன்றுக்கொன்று கம்பி இழுக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு வர வேண்டிய விவரம் எல்லாக் கம்பிகளிலும் வந்து சேர்ந்ததும் அந்தப் பெட்டி வேலை செய்யும், விடையை அடுத்த பெட்டிக்கு அனுப்பும். எங்கள் ஆபீஸில் ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்த மாதிரிதான், என்ன, இங்கே யாரும் காப்பி குடிக்க எழுந்து போவதில்லை. கம்பிகள் இருக்கும் ஜன்னல் ஒன்று. திருகும் குமிழ், முள், வரைபடம் எல்லாம் இருக்கும் முகப்பு ஜன்னல் இன்னொன்று.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள் மின்சாரம் வந்துவிட்டது, இன்டர்நெட் கேபிள் மட்டும் கம்பத்திலிருந்து அறுந்து, வேப்பமரத்தில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பேத்தி மடிக்கணினி முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, கரண்ட்தான் வந்துடுச்சே?"

"கரண்ட் வந்து என்ன தாத்தா, நெட் இல்லையே. டெம்பரேச்சரைப் படிச்சு, அளவு தாண்டினா அலாரம் அடிச்சு, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதணும். யூடியூப் பார்த்தாத்தான் எப்படின்னு தெரியும்."

"அந்த சாஃப்ட்வேர்லயே மாடல் ஃபைல் ஒண்ணும் வச்சுக் குடுக்கலியா?"

"மாடல் ஃபைலா? தெரியலையே. கிளாஸ்ல யாரும் சொல்லல."

கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். பிறகு ஆசிரியரிடம் வருகிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். முசியே கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார், அல்லது நம் கையே நோட்டில் பக்கத்தின் தலையில் அழகாக ஒரு வரி எழுதித் தருவார். அதற்குப் பெயர் 'மொதேல்', மாதிரி. அதைப் பார்த்து ஊதா மையில் பக்கம் முழுக்க எழுத வேண்டும். முதல் வரி கோணும், ஐந்தாவது வரி நிமிரும், பத்தாவது வரியில் நம் கையெழுத்து என்று ஒன்று உண்டாகும். மாதிரியைப் பார்த்து எழுதினாய் என்று எந்த முசியேயும் அடித்ததில்லை. பார்க்காமல் எழுதினால்தான் அடி.

1971இல் வேலைக்குச் சேர்ந்தேன், எல்.டி.சி. அதற்குள் ஆபீஸ் கடிதமெல்லாம் ஆங்கிலமாகிவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அரைகுறை. முதல் டிராஃப்டை பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினேன். பிரெஞ்சுக் கடிதத்தின் கடைசியில் ஒரு மரியாதை வாக்கியம் வரும், அரை முழம் நீளம். அதையும் விடாமல் மொழிபெயர்த்து, "என் மேன்மைமிகு உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருள்க" என்கிற பொருளில் கணக்குத் துறைக்கு எழுதி வைத்தேன். சூப்பிரண்டு அதை எழுந்து நின்று உரக்கப் படித்தார். செக்‌ஷனே சிரித்தது. ஒரு மாதம் வரை யாராவது என்னிடம் பென்சில் இரவல் வாங்கினால்கூட உணர்வுகளின் வெளிப்பாட்டோடுதான் திருப்பிக் கொடுத்தார்கள்.

சிரித்ததற்காக எனக்கு அவர் மேல் கோபமில்லை. இன்றைக்கும் ஆறாதது வேறு. முன்பு எழுதி அனுப்பிய நல்ல கடிதங்களின் நகல்கள், முன்னுதாரண ஃபைல்கள், எல்லாம் அவருடைய பீரோவில் இருந்தன. சாவி அவர் இடுப்பில். கேட்டால், "சொந்தமா யோசிச்சு எழுதுப்பா, பார்த்து எழுதினா மூளை வளராது" என்பார். பார்த்து எழுத ஒன்றுமில்லாத பையன் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு அது புரிய இரண்டு வருஷம் ஆனது. பீரோவைப் பூட்டியது என் மூளை வளர்வதற்காக இல்லை, அவர் மேஜை முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பதற்காக.

என்னைக் காப்பாற்றியவர் ரெக்கார்டு கீப்பர். ஏழாவது வரைதான் படித்தவர். "மேலே வா தம்பி, இங்கே பீரோவே இல்லை" என்று மாடிக்குக் கூட்டிப் போனார். கரையான் அரித்தது போக மிச்சம் எல்லாம் ரேக்கில் அடுக்கி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு ஃபைல் எடுத்துப் படித்தேன். எது எங்கே தொடங்குகிறது, குறிப்பு எண்ணை எங்கே போடுகிறார்கள், மறுப்பதை எப்படி மரியாதையாக மறுக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். 1954க்கு முந்தைய ஃபைல்களுக்குத் தலைப்பு பிரெஞ்சில். மற்றவர்கள் லீவு சம்பந்தமான பழைய ஃபைலைத் தேடி 'லீவ்' என்ற பெயரில் கிடைக்காமல் இறங்கி வந்துவிடுவார்கள். அது 'கொன்ழே' என்ற பெயரில் இருக்கும். எனக்கு மட்டும் கிடைக்கும். சூப்பிரண்டே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

சரி, மடிக்கணினிக்கு வருகிறேன். பேத்தியை மேலே இருக்கிற மெனுவை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். கடைசியில் 'ஹெல்ப்' என்பதற்குள் இருந்தது: 'ஃபைண்ட் எக்ஸாம்பிள்ஸ்'. மூன்று வருஷமாக அவள் அதைத் திறந்ததே இல்லை. திறந்தால், நம் ரெக்கார்டு ரூம்! தலைப்பு வாரியாக அடுக்கடுக்காக மாதிரிகள், எல்லாம் அவள் கணினிக்குள்ளேயே, புயலுக்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லாமல்.

முதலில் கூகுளில் தட்டுவது போல ஒரு முழு வாக்கியத்தைத் தட்டினாள், அதில் 'எக்செல்' என்று ஒரு வார்த்தை. உருப்படியாக ஒன்றும் வரவில்லை. "இல்லை தாத்தா" என்று மூடப் போனாள். கொன்ழேயா லீவா என்கிற அதே கதை. நாம் ஒரு பெயரில் தேடுவோம், வைத்தவன் வேறு பெயரில் வைத்திருப்பான். தேடுவதை விட்டுவிட்டு ரேக் ரேக்காகப் பார் என்றேன். வேலை வகைப்படியும் பார்க்கலாம், ஃபோல்டர் வகைப்படியும் பார்க்கலாம். கோப்பில் எழுதுவது என்கிற பிரிவுக்குள் போனபோது, அவள் எக்செல் என்று நினைத்ததை அவர்கள் 'டிலிமிட்டட் ஸ்பிரெட்ஷீட்' என்று அழைப்பது தெரிந்தது.

ஒரு மாதிரியைத் திறந்ததும் நான் முதலில் சொன்னது, "அதிலேயே கை வைக்காதே, வேற பேர்ல நகல் எடு" என்று. பழைய ஃபைலில் பேனா வைக்கக் கூடாது என்பது நமக்கு வேதம். நகல் எடுத்தாள். மின்விளக்குப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் விவரம் கம்பி வழியாக ஒவ்வொரு பெட்டிக்கும் மெதுவாக நகர்ந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது. அதை அவள் நாலு தடவை ஓட விட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு கம்பியை அறுத்தாள், ஓட்டுகிற அம்பு உடைந்து போனது. மறுபடி சேர்த்தாள். ராத்திரி பதினோரு மணிக்கு, வெப்பநிலை 40ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி வீட்டில் இல்லாததால் பொய் எண்களை வைத்துத்தான் ஓட்டினாள். கல்லூரி ஆய்வகக் கணினியில் அளவெடுக்கும் கருவியின் டிரைவரும் நிறுவியிருந்ததால், அதற்குரிய மாதிரிகளும் அங்கே பட்டியலில் இருந்தனவாம். டிரைவர் இல்லாத கணினியில் அவை காட்டாது. அங்கே போய் உண்மையான வெப்பமானியை இணைத்து முடித்தாள்.

இதைத்தான் காப்பி என்கிறார் அந்த ஆசிரியர்.

எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அது என்ன செய்கிறது என்று ஒரு விளக்கம் எழுதி வைத்திருப்பார்கள். நகல் எடுத்தால் அதுவும் கூடவே வரும். அந்த ஆங்கிலம் மூன்றாம் ஆண்டுப் பெண்ணின் ஆங்கிலமாக இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். "எந்த சைட்ல இருந்து டவுன்லோடு பண்ணினே?" என்று கேட்டிருக்கிறார். இவள், "சைட் இல்ல சார், சாஃப்ட்வேர்லயே இருக்கு" என்று மெனுவைத் திறந்து காட்டியிருக்கிறாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வகுப்பே அமைதியாகிவிட்டதாம். அந்த ஆய்வகத்தில் பாடம் எடுக்கிறவருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதற்குத் தண்டனை இவளுக்கு. சீனியரின் கோப்பை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்த பையன்களுக்கு 20க்கு 17.

பேத்தி பக்கமும் ஒரு தப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். எந்த மாதிரியிலிருந்து எடுத்தேன், எதை மாற்றினேன் என்று இரண்டு வரி அந்த விளக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஆபீஸில் பழைய ஃபைலின் எண்ணைக் குறிப்பிடாமல் நோட் போட்டால் நானே திருப்பி அனுப்புவேன். நானாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். விளக்கு எரிந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். அதற்காக ஒரு மதிப்பெண் குறையுங்கள், இரண்டு குறையுங்கள். 16 குறைப்பீர்களா? அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கம்பி எதற்கு, இதை அறுத்தால் என்ன ஆகும் என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும், காப்பியடித்தவள் யார், கற்றுக்கொண்டவள் யார் என்று.

என் மருமகன் சொல்கிறார், "அதான் எல்லாம் யூடியூப்ல இருக்கே மாமா, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" அவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். எழுத்தால் எழுதும் புரோகிராமைப் புத்தகத்தில் அச்சடிக்கலாம், பார்த்துத் தட்டிக்கொள்ளலாம். வரைகிற புரோகிராமில் அது முடியாது. லேப்வியூவில் 'கேஸ்' என்று ஒரு சட்டம் இருக்கிறது. இப்படியானால் இதைச் செய், அப்படியானால் அதைச் செய் என்பதற்கானது. அதன் எல்லா அறைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு அறைதான் கண்ணுக்குத் தெரியும். அதைப் படம் பிடித்து அச்சடித்தால் அலாரம் அடிக்கிற அறை தெரியும், அடிக்காத அறை மறைந்துபோகும். வீடியோவிலும் அதே கதை, சொல்பவர் புரட்டிக் காட்டினால்தான் உண்டு. கோப்பே கையில் இருந்தால் நாமே புரட்டலாம். ஆகவே இந்த வகை மென்பொருளில் மாதிரிக் கோப்புதான் பாடப்புத்தகம். அதற்கு மாற்று கிடையாது.

சரி, கோப்பையே இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளலாமே என்கிறீர்களா? புதிய பதிப்பில் சேமித்த லேப்வியூ கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. சேமித்தவரே பழைய பதிப்புக்கு என்று தனியாகச் சேமித்துத் தந்தால்தான் திறக்கும். நம் கல்லூரிகளில் எந்த வருஷத்துப் பதிப்பு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கூடவே வந்த மாதிரிக்கு அந்தத் தொல்லையே இல்லை, மென்பொருள் எந்த வயசோ மாதிரியும் அதே வயசு. 2020இலிருந்து வீட்டில் கற்பவர்களுக்கு இலவசப் பதிப்பும் வந்திருக்கிறது. வாங்கக் காசில்லை என்று சொல்லவும் முடியாது. இருக்கிறதைத் திறந்து காட்ட ஆள்தான் இல்லை.

செய்கிறவர்களையும் விட மாட்டேன். குழந்தைகள் பூனையை நடக்க வைத்து விளையாடும் ஸ்கிராட்ச் இருக்கிறதே, பிரான்சில் இருக்கும் என் தம்பி பேரனுக்கு அதிலிருந்து 'பிரெவே' கணக்குத் தேர்வில் கேள்வியே வந்தது, 2017இலிருந்து அப்படி. அதன் பழைய பதிப்புகளை நிறுவினால் விளையாட்டு, கதை, இசை என்று பிரித்து ஒரு ஃபோல்டர் நிறைய மாதிரிகள் கூடவே வந்து உட்காரும். இப்போது தொடக்கநிலை மாதிரிகளுக்கு அவர்களுடைய வலைத்தளத்துக்குப் போகச் சொல்கிறார்கள். பாரீஸ் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். புயல் அடித்த ஊரில், இல்லை, புயலே அடிக்காமலும் நெட் வராத ஊரில் இருக்கிற பிள்ளைக்கு?

எல்லாரும் அப்படி இல்லை. பேத்தி என் கணினியில் பியூர் டேட்டா என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள், சத்தத்தைக் கம்பி இழுத்து உண்டாக்குகிற மென்பொருள். இலவசம். மில்லர் பக்கெட் என்பவர் 1980களில் பாரீஸில் இர்க்காம் என்கிற இசை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது செய்த 'மேக்ஸ்' என்பதன் தம்பி இது. பாரீஸ் என்றதும் எனக்குச் சபலம். அதில் எந்தப் பெட்டி மேல் வைத்து வலது பொத்தானை அழுத்தி 'ஹெல்ப்' என்றாலும் உதவிப் பக்கம் திறக்கிறது, அந்தப் பக்கமே ஓடுகிற புரோகிராம்! படித்துக்கொண்டே கை வைக்கலாம், வேண்டியதை அள்ளி நம் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். நிறுவிய ஃபோல்டருக்குள் 'டாக்' என்று ஒன்று. அதற்குள் ஒலி மாதிரிகள், ஏ01 என்று எண் போட்டு வரிசையாக. ஏ01இல் 440 என்று எழுதிய ஒரு பெட்டி, சத்தத்தைக் குறைக்க ஒரு பெட்டி, ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி. அவ்வளவுதான். ஒலியைப் போட்டேன், 'ஙொய்ங்' என்றது. நகல் எடுத்து 440ஐ 220 ஆக்கினேன், அதே சுரம் கீழ் ஸ்தாயிக்கு இறங்கியது. ஹார்மோனியம் தொட்டறியாத எனக்கு, ஸ்தாயி என்றால் பாதி என்பது எழுபத்தைந்து வயதில் காதால் புரிந்தது. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? அந்த மாதிரியை வைத்துவிட்டுப் போனவர். சொந்தமாக யோசி என்று சொல்லி என்னை வெறும் வெள்ளைத் திரை முன்னால் உட்கார வைத்திருந்தால், இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருப்பேன்.

பார்த்துச் செய்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பவர்களுக்கு ஒன்று. சோம்பேறி மாதிரியைத் தேட மாட்டான். பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பான். ரெக்கார்டு ரூமுக்கு மாடி ஏற வேண்டும், தும்ம வேண்டும், பத்து ஃபைல் புரட்டி ஒன்றை எடுக்க வேண்டும். எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று முடிவு செய்வதற்கே பாதி விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

துறைத் தலைவருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஒரு பத்தி. ஆய்வகத்தின் முதல் வகுப்பிலேயே அந்த மெனுவைத் திறந்து காட்ட வேண்டும் என்று இன்னொரு பத்தி. பேத்தி, "வேணாம் தாத்தா, அடுத்த செமஸ்டரும் அவர்தான் வர்றார்" என்கிறாள். அவள் பயம் நியாயமானதுதான், அவளைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன். ஆனாலும் எழுதி முடித்துவிடுவேன். 1983இல் ஒரு இன்கிரிமெண்ட் பாக்கிக்காக நான் எழுதி ஜெயித்த மனுவின் கார்பன் நகல் டிரங்குப் பெட்டியில் கிடைத்திருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.